சிட்டாவில் விளையும் வெள்ளாமை

மாப்ள, மெட்ராசுல பார்த்த கம்ப்யூட்டர் வேலையை உதறிட்டு வெள்ளாமை பார்க்க வந்துட்ட. ரொம்ப சந்தோசம். கம்பத்துலருந்து ஊரே ராத்திரி பஸ் ஏறி மெட்ராசுக்குப் போற காலத்துல நீ எதுத்தாப்புல வந்து எறங்கியிருக்க. வர்ற பஸ்ஸுல காலை நீட்டிப் படுக்க எடம் கெடச்சிருக்கும். வந்ததும் வராததுமா என்ன கேட்ட? "மாமா, எந்தத் திட்டத்துல எவ்வளவு மானியம் வரும்?" என்ன விதைக்கலாம்னு கேக்கல. கெணத்துல தண்ணி எம்புட்டு கெடக்குன்னு கேக்கல. அந்த ஒரு கேள்வியிலயே தெரிஞ்சு போச்சுய்யா, நீ முழு விவசாயி ஆயிட்ட.

உக்காரு. சொல்றேன். மொத வேலையா மண்வெட்டி வாங்கிராத. ஒரு ஃபைல் வாங்கு. நாடா வச்சுக் கட்டுற பழைய ஃபைல் இல்ல, மழையில நனையாத பிளாஸ்டிக் கவர் இருபது உள்ள இருக்குமே, அது. மொதக் கவர்ல சிட்டா, ரெண்டாவதுல அடங்கல், மூணாவதுல புலப்படம். அப்புறம் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கு மொதப் பக்கம், சிறு குறு விவசாயி சான்று, மண்ணு பரிசோதனை, தண்ணி பரிசோதனை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போட்டோவுல மட்டும் சிரிச்சிராத. சிரிக்கிற விவசாயிக்கு எதுக்கு மானியம்னு ஒருத்தர் கேட்டாலும் கேப்பாரு. எல்லாத்துலயும் நாலு ஜெராக்ஸ் எடுத்து வையி. இந்தப் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சையில நஷ்டப்பட்டவன் உண்டு, வாழையில நஷ்டப்பட்டவன் உண்டு, தக்காளியில தலையில துண்டு போட்டவன் உண்டு. ஜெராக்ஸ் கடை வச்சு நஷ்டப்பட்டவனை நான் இன்னும் பார்க்கல.

இப்ப அந்த மொதக் கவருக்கு வருவோம். சிட்டாவுல யாரு பேரு இருக்கு? எங்கய்யா பேரு. அதாவது உன் தாத்தா. அவரு போய்ச் சேர்ந்து எத்தனை காலமாச்சு! வருசா வருசம் நாம திதி குடுக்குறோம். கம்ப்யூட்டர்ல மட்டும் அவரு சாகல. நாலரை ஏக்கர் தோட்டத்தையும் ஒத்தை ஆளா நின்னு உழுதுக்கிட்டு இருக்காரு. கரண்டு கனெக்சனும் அவரு பேருலதான். அம்புட்டு மானியமும் அவருக்கு வரவேண்டியது, வாங்கிக்கத்தான் ஆளு இல்ல. ஆதார் எடுக்க மேலருந்து கீழ வரணும், கைரேகை வேற விழணும்.

அதனால நீ செய்யவேண்டிய மொத உழவு என்னன்னா, வாரிசுச் சான்று வாங்குறது, பாகப்பிரிவினை எழுதிப் பதியிறது, உட்பிரிவுக்கு இ-சேவை மையத்துல பணம் கட்டுறது, சர்வேயர் வர்ற நாளைப் பார்த்துக் காத்துக் கெடக்குறது. சர்வேயர் வர்றன்னிக்கு மழை வரும். மழை வேணும்னா சர்வேயருக்கு நாள் குறிச்சாப் போதும்னு நம்ம ஊருல ஒரு நம்பிக்கையே இருக்கு.

அப்புறம் இன்னொண்ணு இருக்கு. பெருசில்ல. அந்தப் பாகப்பிரிவினையில வாரிசுக ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஒரு வாரிசு உங்காத்தா. இன்னொரு வாரிசு யாருன்னு நீயே யோசிச்சுக்க. உன் சம்பளம் அம்புட்டையும் கொட்டினாலும் வாங்க முடியாத அந்தக் கையெழுத்தைப் பத்திக் கடைசியில பேசுவோம். காப்பியக் குடி, ஆறிப் போகுது.

டெல்லிக்காரன் குடுக்குற ஆறாயிரத்தைக் கேட்டியே. 2019-ல ஆரம்பிச்சது. நாலு மாசத்துக்கு ஒருக்கா 2,000, வருசத்துக்கு 6,000, நேரா பேங்குல விழும். அந்த வருசம் பிப்ரவரி 1-ந் தேதிக்குப் பெறகு நிலத்தை வெலைக்கு வாங்கினவனுக்கு இல்ல, வாரிசா வந்தவனுக்கு உண்டு. அந்த வகையில நீ தப்பிச்ச. ஆனா வருமான வரி கட்டுனவனுக்குக் கெடையாது. நீ மெட்ராசுல கட்டியிருக்க. நாட்டுக்கு வரி கட்டுனது தப்பாப் போச்சு பாரு. 2020-ல நம்ம தமிழ்நாட்டுல ஒரு கூத்து நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு செண்டு நிலம் இல்லாத ஆளுக எல்லாம் விவசாயின்னு பேரு குடுத்து, 5 லட்சத்துக்கு மேல ஆளு சேர்ந்து, 110 கோடி போச்சுன்னு சி.பி.சி.ஐ.டி. வரைக்கும் விசாரணை போச்சு. வெவசாயம் அழியுது, இளைஞனுக யாரும் வரமாட்டேங்குறானுகன்னு பேசுறாங்களே, அந்த வருசம் வந்த புது விவசாயிகளை எந்தக் காலத்துலயும் நாடு கண்டதில்ல. அதுக்கப்புறம்தான் ஆதாரு, கேஒய்சி, 2025-லருந்து விவசாயிக்குன்னு தனி அடையாள எண்ணுன்னு வாசல்ல ஒவ்வொரு பூட்டாப் போட்டாங்க. பூட்டைத் தொறக்கத் தெரியாம நிக்கிறது நெசமான விவசாயி.

சொட்டுநீருக்கு வர்றேன். அதைத்தான நீ ஆசையாக் கேட்ட? சிறு, குறு விவசாயின்னா, அதாவது 5 ஏக்கருக்குள்ள வச்சிருந்தா, நூத்துக்கு நூறு மானியம். அதுக்கு மேல உள்ளவனுக்கு 75. டெல்லி குடுக்குறதுக்கு மேல மாநில அரசு தன் பங்கைப் போட்டு முழுசாக்கிக் குடுக்குது. நல்ல திட்டம், நெசமாவே நல்ல திட்டம். நான் கேலி பேசுற ஆளுன்னாலும் இதுல கேலி இல்ல. சின்னமனூர்ப் பக்கம் ஜி-9 வாழை இம்புட்டுப் பரவினதுக்கு அந்தக் கறுப்புக் குழாயும் ஒரு காரணம். வாழைக்கு வேருலயே தண்ணி, தண்ணியிலயே உரம். களை குறைவு, ஆள் கூலி குறைவு.

அளக்க வருவாங்க, போட்டோ எடுப்பாங்க. குழாய் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, போட்ட பெறகு ஒண்ணு. எந்த எடத்துல நின்னன்னு செல்போனே எழுதிக்கும். ரெண்டாவது போட்டோ முடிஞ்சதும் சில தோட்டத்துல என்ன நடக்கும்னு தெரியுமா? குழாயைச் சுருட்டி மோட்டார் ரூம்பு ஆணியில மாட்டிருவாங்க. அணில் கடிக்குது, உப்புத் தண்ணி அடைக்குது, ஆசிட் விட்டுக் கழுவணும், யாரு பார்க்குறதுன்னு வாய்க்கால்லயே மடை திறந்து விட்டுருவாங்க. ஒரு வீட்டுல அந்தக் குழாயைக் கொடியாக் கட்டி வேட்டி காயப்போட்டிருந்ததை நானே பார்த்தேன். ஒரு வகையில அதுவும் சொட்டுநீர்தான். அதே நிலத்துக்கு மறுபடி கேக்கணும்னா 7 வருசம் ஆகணும். வேட்டி அதுவரைக்கும் தாங்காது.

அவனை விடு, அவன் சோம்பேறி. நீ சுறுசுறுப்பானவன், அதுதான் எனக்குப் பயம். நம்ம மேல்புறத்துத் தோட்டக்காரரு ஒருத்தரு. குழாயை ஒழுங்காப் போட்டாரு, ஒழுங்காக் கழுவினாரு, ஒரு குத்தம் சொல்ல முடியாது. முன்னால ஒன்றரை ஏக்கருக்கு எட்டின தண்ணி இப்ப மூணு ஏக்கருக்கு எட்டுச்சு. மிச்சமான தண்ணியக் கெணத்துலயே விட்டாரா? மானாவாரியாக் கெடந்த மேட்டாங்காட்டையும் திருத்தி அதுலயும் வாழை வச்சாரு. மோட்டாரு முன்ன ஓடின நேரம்தான் இப்பயும் ஓடுது. சேமிப்பு அம்புட்டும் அவரு தாருல இருக்கு, கெணத்துல இல்ல. அவரைக் குத்தம் சொல்லுவியா? நீயா இருந்தாலும் வைப்ப. நானா இருந்தா அதுக்கு முந்தின வருசமே வச்சிருப்பேன்.

இதுல அரசாங்கத்தோட சாமர்த்தியத்தைப் பாரு. 1990-லருந்து விவசாய மோட்டாருக்கு எல்லாருக்கும் கரண்டு காசில்ல. தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல மோட்டாரு இலவசமா ஓடுது. அதைச் சும்மா குடுத்துரல, தெரிஞ்சுக்க. விவசாயிகள் சங்கத் தலைவரு நாராயணசாமி நாயுடு காலத்துல கரண்டு ரேட்டை ஏத்தினதுக்கு எதிரா ரோட்டுல நின்னு துப்பாக்கிச் சூட்டுல செத்தவங்க ரத்தம் அதுல இருக்கு. அதைப் புடுங்கணும்னு எவனாச்சும் பேசினா நானே மறியலுக்குப் போவேன். ஆனா நம்ம வீட்டுக்குள்ள பேசிக்குவோம். ஒரு துறை தண்ணியை மேல எறைக்கக் காசில்லாமக் கரண்டு குடுக்குது, இன்னொரு துறை தண்ணி குறைவாச் செலவழிக்கக் காசில்லாமக் குழாய் குடுக்குது, பேங்க்காரன் போர் போடக் கடன் குடுக்குறான், அந்தப் பக்கம் நிலத்தடி நீருக்காரங்க வந்து இந்தப் பிர்கா அபாயம், அந்தப் பிர்கா பாதுகாப்புன்னு பட்டியல் போடுறாங்க. நாலு பேரும் ஒரே கெணத்து மேட்டுல ஒரு நாள் சந்திச்சா நல்லாருக்கும். நாலு பேருக்கும் நாலு நாள் டூட்டி. போர் போட்டவன்கிட்ட எத்தனை அடின்னு கேட்டுப் பாரேன். முன்னல்லாம் சத்தமாச் சொல்லுவான், இப்பக் குரலைத் தாழ்த்துறான்.

பெரியாறு அணை 1895-லருந்து நமக்குத் தண்ணி தருது, நமக்கென்ன கவலைன்னு நினைக்காத. ஜூன் 1-ந் தேதி மதகைத் தொறந்தா அது 14,707 ஏக்கர் இருபோக நஞ்சைக்கு. ஆத்தோரம் நெல்லு நட்டவனுக்கு. நம்ம தோட்டம் மேட்டுல இருக்கு. அணையைக் கட்டின பென்னிகுவிக்குப் பொங்கல் வைக்கிறப்ப நீயும் போய் நில்லு, சக்கரைப் பொங்கல் நல்லாருக்கும். அந்த மனுசன் தண்ணியத் திருப்பி விடுறதுக்கு முன்னால யாருகிட்டயும் சிட்டா கேக்கல.

பயிர்க் காப்பீடா? கட்டிரு. தோட்டப் பயிருக்கு உன் பங்கு 5 சதவீதம். ஆனா கோடைக் காத்துல உன் வாழை அம்புட்டும் சாஞ்சு கெடக்குறப்ப, பிர்காவுல மத்தவன் வாழை நிமிந்து நின்னுச்சுன்னா உனக்கு நஷ்டமே இல்லன்னு கணக்கு வரும். காத்து வந்தா உனக்கு மட்டும் வரக்கூடாது, எல்லாருக்கும் வரணும்னு வேண்டிக்க. ஊர் ஒத்துமைக்கு இதவிட நல்ல திட்டம் கெடையாது.

அமெரிக்காக் கதை ஒண்ணு சொன்னியே, செல்போன்ல பார்த்தேன்னு. அங்க வெள்ளாமை வைக்காம நிலத்தைச் சும்மா போட்டா அரசாங்கம் பணம் குடுக்குதாம்னு வாயத் தொறந்த. நெசந்தான். 1930-கள்ல புல்லுக் காட்டையெல்லாம் உழுது தள்ளி, மழை பொய்ச்சு, மேல்மண்ணு பூராவும் புழுதிப் புயலாக் கெளம்பிப் போச்சு. 1935-ல மண்ணைக் காப்பாத்தன்னே ஒரு துறையை ஆரம்பிச்சாங்க. 1985-லருந்து அரிச்சுப் போற நிலத்துல பயிர் வைக்காமப் புல்லும் மரமும் வளரவிட்டா, பத்துப் பதினஞ்சு வருச ஒப்பந்தம் போட்டு வருசா வருசம் வாடகை குடுக்குறாங்க. நல்ல யோசனைதான். ஆனா நம்ம ஆளுக அதை வாடகையே வாங்காமச் செஞ்சுக்கிட்டிருக்காங்கய்யா. ஆண்டிபட்டிப் பக்கம் போய்ப் பாரு. பட்டாக்காரன் திருப்பூருல பனியன் கம்பெனியில இருப்பான், நிலத்துல சீமைக்கருவேலு ஆளுயரத்துக்கு நிக்கும். இங்கயும் விடியக்காலையில ஜீப்புல பொம்பளைக ஏலத்தோட்டத்துக்குக் குமுளி மலை ஏறிருறாங்க, களை வெட்ட ஆளில்ல, ரெண்டு வருசமாச் சும்மா கெடக்குற தோட்டம் எத்தனை இருக்கு. அமெரிக்காக்காரன் வந்து பார்த்தா மூக்குல வெரலை வப்பான், இம்புட்டு ஏக்கரு பாதுகாப்புல இருக்கா, அதுவும் ஓசியிலயான்னு. ஒரே வித்தியாசம், அங்க புல்லு எதுன்னு எழுதி வாங்கித்தான் பணம் குடுப்பான். இங்க முள்ளு தானா வருது.

இப்ப எவனும் வரிசையில நிக்காத திட்டம் ஒண்ணு சொல்றேன், காதைக் குடு. கண்மாய் வண்டல். மண்ணு இலவசம். தாசில்தார்கிட்ட மனு குடுத்தாப் போதும்னு 2024-ல சுளுவாக்கிட்டாங்க. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. உனக்குப் பங்கு பிரிச்சா ரெண்டேகால் ஏக்கரு, எல்லாம் புஞ்சை. 200 கன மீட்டர் வரும். டிராக்டர் டிப்பருக்கு ஒரு யூனிட்டு, 100 கன அடின்னு வச்சாக்கூட 70 நடை. மண்ணுக்குக் காசில்ல, ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் உன் காசு. அங்கதான் ஆளுக பின்வாங்கிருறாங்க. பணமாக் கையில வராததை நம்ம ஊருல மானியம்னே ஒத்துக்க மாட்டாங்க.

பின்வாங்காத ஆளுக வேற வகை. வண்டல்னு பர்மிட்டு வாங்கி, மேல ஒரு அடி வண்டலை ஒதுக்கிட்டு, அடியில உள்ள கெட்டி மண்ணை வெட்டி வீட்டு மனை நிரப்பப் போறவன். செங்கச் சூளைக்குப் போறவன். கண்மாய்க்குள்ள ஒரு எடத்துல பனைமர ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும், பக்கத்துல மேடு அப்படியே நிக்கும். தண்ணி வந்தா அந்தப் பள்ளத்துல ஆடு விழும். நீ போனா ஒரு வேலை செய்யி. மண்ணைக் கையில எடுத்துப் பாரு. காஞ்ச வண்டலு பாளம் பாளமா வெடிச்சிருக்கும், ஒடிச்சாப் பொலபொலன்னு உதிரும், கறுப்பா இருக்கும், நத்தை ஓடு கலந்திருக்கும். ஜேசிபி வாளியில செம்மண்ணோ கல்லோ வந்தா நிறுத்தச் சொல்லிரு. கண்மாய் காயறதுக்கும் தண்ணி தொறக்குறதுக்கும் நடுவுல இருக்குற கோடை மாசந்தான் நாளு. எங்கய்யா மாட்டு வண்டியில அடிச்சாரு. மனு குடுக்கல, எவனும் கேக்கவும் இல்ல. ஊரு கூடி மடையச் சரி பார்த்துக்கிட்டதைத்தான் குடிமராமத்துன்னு 2017-ல போர்டு வச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க. போர்டு இன்னும் இருக்கு.

வண்டலை எறைச்சுவிட்டு, மொத மழைக்குத் தக்கைப்பூண்டு வெதைச்சிரு. பசுந்தாள் வெதைக்கும் 2024-லருந்து மானியம் உண்டு, மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்னு பேரு. பேரை எழுதவே அரை ஃபாரம் போயிரும். நாப்பத்தஞ்சு நாள்ல பூவெடுக்குறப்ப மடக்கி உழணும். நீ உழ மாட்ட. பச்சைப்பசேல்னு நிக்கிறதைப் போட்டோ எடுத்துப் போட்டு, லைக்கு வருதேன்னு ஒரு வாரம் தள்ளுவ. தண்டு முத்திப் போச்சுன்னா மக்காது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

வரப்போரம் மரம் வைக்கக் கன்னும் இலவசம். பசுமைப் போர்வை இயக்கம்னு 2021-ல வந்தது. வரப்புல ஏக்கருக்கு 50 கன்னு. தேக்கு, வேங்கை, மகாகனி, செஞ்சந்தனம் வரைக்கும் தர்றாங்க. செஞ்சந்தனத்துக்கு ஆசைப்படாத. நடறது நீ, வெட்ட அனுமதி கேட்டு நடக்கப்போறது உன் பேரன்.

இதுலயெல்லாம் ரூவாய் எம்புட்டு மிச்சம்னு மூஞ்சியச் சுளிக்கிற பாரு. மோட்டாரு ஓடுறதைப் போட்டோ எடுக்கலாம், குழாய் கெடக்குறதை எடுக்கலாம். மண்ணுக்குள்ள ஒரு சாணுக்குக் கீழ ஈரம் நிக்கிறதை எந்தச் செல்போன் எடுக்கும்? அதுனால அதுக்கு மானியமும் கம்மி, வரிசையும் கம்மி. உனக்கு நிக்கப் பொறுமை இல்லன்னியே, அதான் கூட்டம் இல்லாத வாசலாப் பார்த்துச் சொன்னேன்.

சரி, கையெழுத்து. 1989-ல கலைஞர் சட்டம் போட்டாரு, பொம்பளைப் புள்ளைக்கும் சொத்துல சம பங்குன்னு. அன்னிக்கே உங்காத்தாகிட்டச் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். நாத்து நடவு, அறுப்பு, கோயில் திருவிழான்னு நேரமே கெடைக்கல. அவளும் அண்ணன் மனசு நோகக்கூடாதுன்னு கேக்கல. இப்ப நீ கேட்டு வந்துட்ட. போட மாட்டேன்னு சொல்லுவேனா? உனக்கில்லாததா? கீழ்பாதி உங்களுக்கு. ஆனா கெணறு பொது. முறைவச்சுத்தான் எறைக்கணும். மும்முனைக் கரண்டு பகல்ல வர்ற முறை எனக்கு, ராத்திரி வர்ற முறை உனக்கு. கம்ப்யூட்டர் வேலை பார்த்தவனுக்கு ராத்திரி முழிக்கிறது பழக்கந்தான? நமக்கு நடுவுல ஓடுற வரப்புல தேக்கு வைக்காத, நிழலு என் பக்கம் விழும். அந்த 70 நடையில ஒரு பத்து நடை, வழி தவறின கணக்குல, என் தோட்டத்துல கொட்டச் சொல்லிரு.

என்ன சிரிக்கிற? சம்மதமா? அப்ப வெள்ளிக்கிழமை உங்காத்தாளையும் கூட்டிக்கிட்டு வா. பேனாவை நீயே கொண்டாந்துரு. நீல மை. கறுப்புல போட்டா இது ஜெராக்ஸுன்னு திருப்பி அனுப்பிருவாங்க.